சுமார் டீச்சர்

வருகைப் பதிவேட்டில் 'வந்த நேரம்' என்ற கட்டத்தில் நாங்கள் எல்லோரும் 8.30 என்று எழுதுவோம். எப்போது வந்தாலும் எழுதுவது அதைத்தான். அவர் மட்டும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அலுவலகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். தன் மணிக்கட்டைப் பார்ப்பார். வாசல்வரை போய், மணியடிக்கும் ஊழியரின் கையைத் திருப்பி அவருடைய கடிகாரத்தையும் பார்ப்பார். பிறகு வந்து '8.34, இரண்டு நிமிடம் முன்பின்' என்று எழுதுவார். கட்டம் சிறியது. 'முன்பின்' எப்போதும் பக்கத்துக் கட்டத்திலிருக்கும் என் கையெழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

தலைமை ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 8.30 என்று திருத்துவார். பதினோரு வருடமாக இது நடக்கிறது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கூப்பிட்டே கேட்டுவிட்டார்.

"எல்லாரும் எழுதறதை நீங்களும் எழுதினா என்ன டீச்சர்?"

"சார், உங்க ரூம் கடிகாரம் பின்னாடி ஓடுது, மணியடிக்கறவரோடது முன்னாடி ஓடுது. என்னோடது எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. நான் எழுதறது கொஞ்சம் தப்பா இருக்கலாம் சார். எல்லாரும் எழுதறது நிச்சயமா தப்பு."

அன்றிலிருந்து தலைமை ஆசிரியர் கூப்பிடுவதில்லை. அடிப்பதோடு சரி.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் அவர். குள்ளம். நடையில் வேகம். பேசும்போது வலது கையைக் காற்றில் அப்படியும் இப்படியும் ஆட்டி, எதையோ நிறுத்துப் பார்ப்பவர் மாதிரி நிற்பார். காதோரம் வெள்ளையாக இருக்கும். அது நரையா, சாக்பீஸ் தூளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வயதைக் கேட்டால், "சான்றிதழை நம்பினா நாப்பத்தெட்டு. பதிஞ்சவர் எங்க அப்பா. அவருக்குத் தேதியே ஞாபகம் இருக்காது" என்பார்.

'சுமார் டீச்சர்' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அந்தச் சொல் சேராத வாக்கியம் அவர் வாயிலிருந்து அபூர்வமாகத்தான் வரும் என்பதால் வைத்தார்கள். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. 'ஏறக்குறைய' என்பது ஒன்று, 'அவ்வளவு நன்றாக இல்லை' என்பது இன்னொன்று. பிள்ளைகள் முதல் பொருளில் சொன்னார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் தலைமை ஆசிரியர் இரண்டாவது பொருளில் சொன்னார். விஷயம் தெரிந்து நான் வருத்தப்பட்டபோது அவர் கையை ஆட்டி நிறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே சரியா இருக்கலாம் ஐயா" என்றார். நான் தமிழாசிரியன். எங்கள் பள்ளியில் எனக்கு 'ஐயா' மட்டும்தான் பெயர்.

அவருடைய கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. என் சட்டைகள் எல்லாம் அங்கே தைத்தவை. அவர் அளவெடுத்துக்கொண்டே பேசுவார்.

"சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கான்னு கேட்டேன் சார், நேத்து. 'ஒரு வாய் சாப்பிட்டதுல சரியா இருக்கு, அடியில எப்படியோ தெரியாது'ங்கறா. இது பரவாயில்ல. கல்யாணமான புதுசுல, என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். 'இதுவரைக்கும் பிடிச்சிருக்கு'ன்னா. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் கேக்கறேன். அதே பதில்தான்."

உள்ளேயிருந்து குரல் வரும். "பதில் மாறலையேன்னு சந்தோஷப்படுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சட்டையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டுவார். "ஆனா ஒண்ணு சார். மனுஷன் உடம்பு ஒரே அளவுல நிக்காது. அதனால உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கணும். விடாம தைக்கறவன் அளவு தெரிஞ்சவன் இல்ல, அவசரக்காரன். அவளும் பாடத்துல அந்தக் கொஞ்சம் துணியை விடறா. அவ்வளவுதான்."

அந்தத் துணியை விட்டதற்குத்தான் அந்த வருடம் விசாரணை வந்தது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அரையாண்டுப் பகுதியின் கடைசிப் பாடம் பருவநிலை மாற்றம். கடைசியில் வைத்ததற்குக் காரணம், பாடத்திட்டம் முடியாமல் போனால் விட்டுவிடலாம் என்பது. பாடத்தின் முதல் பக்கத்தில், நெற்றியில் ஈரத்துணியும் வாயில் வெப்பமானியுமாகப் பூமி அழுதுகொண்டிருக்கும். இரண்டாம் பக்கத்தில் 'இது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை' என்று ஒரு வரி. மூன்றாம் பக்கத்தில் 'எனினும் இது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு' என்று இன்னொரு வரி. எது நிறுவப்பட்டது, எதில் வேறுபாடு என்று இரண்டிலும் இல்லை. பாடநூல் குழுவில் இரண்டு பேர் சண்டை போட்டிருக்க வேண்டும், இரண்டு பேரையும் சமாதானப்படுத்த ஆளுக்கொரு பக்கம் கொடுத்திருக்க வேண்டும். நான்காம் பக்கத்தில் கோடிட்ட இடம்.

மற்றப் பள்ளிகளில் அந்தப் பாடத்தை ஒரு பீரியடில் முடிப்பார்கள். சுமார் டீச்சர் ஒன்பது நாள் எடுத்தார். என் வகுப்பு அடுத்த அறை என்பதால் ஒன்பது நாளும் நானும் படித்தேன்.

முதல் நாள் காலையில் பன்னிரண்டு வெப்பமானிகளைப் பன்னிரண்டு பிள்ளைகள் கையில் கொடுத்து, வகுப்பறையின் வெப்பநிலையைச் சொல்லச் சொன்னார். ஒன்று இருபத்தொன்பது என்றது. இரண்டு முப்பது. ஒன்று முப்பத்தொன்றரை. மூலையிலிருந்த ஒன்று இருபத்தாறு என்று சாதித்தது. என்னுடையதுதான் சரி, உன்னுடையது ஓட்டை என்று பிள்ளைகளுக்குள் அடிதடி. நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். டீச்சர் விலக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதுல எது நிஜம்?"

"தெரியாது. எல்லாத்தையும் எழுதி வை. மத்தியானம் பார்க்கலாம்."

மத்தியானம் அதே பன்னிரண்டையும் அதே இடங்களில் பார்த்தார்கள். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டரை, முப்பத்து நான்கு. மூலையிலிருந்த பொய்யன் இருபத்தெட்டரை என்றான். டீச்சர் கரும்பலகை முன்னால் வந்து நின்றார்.

"இப்போ சொல்லுங்க. எத்தனை டிகிரின்னு பன்னெண்டும் ஒத்துப்போச்சா?"

"இல்ல டீச்சர்."

"காலைல விட இப்போ சூடு குறைஞ்சிருக்குன்னு ஏதாவது ஒண்ணு சொல்லுதா?"

ஒவ்வொருவரும் தங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பா காட்டற அந்த மூலைக்காரன் கூடத் தப்பிலிருந்தே மேல ஏறியிருக்கான் பாருங்க. எவ்வளவுங்கறது சுமார். ஏறுதுங்கறது சுமார் இல்ல. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. நீங்க குழப்பிக்காதீங்க."

எட்டாம் நாள் என் மேசைக்கு வந்தார். "ஐயா, உயரும், உயரலாம், உயரக்கூடும். இதுல எது எவ்வளவு நிச்சயம்?"

முப்பத்தொரு வருடம் இலக்கணம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. 'உயரும்' என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார், 'உயரக்கூடும்' என்றால் வாய்ப்பைச் சொல்கிறார், 'லாம்' மட்டும் கொஞ்சம் வில்லங்கம், அது வாய்ப்பையும் சொல்லும், அனுமதியையும் கொடுக்கும் என்றேன். 'மழை வரலாம்' என்பதும் 'நீ உள்ளே வரலாம்' என்பதும் ஒரே 'லாம்'தான்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ வெப்பம் உயரலாம்னு எழுதினா, 'தாராளமா உயரு, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்'னு அனுமதி கொடுத்த மாதிரியும் ஆகுமா?"

"ஆகும் டீச்சர்."

"எல்லாரும் அந்த அர்த்தத்துலதான் எழுதறாங்களோ என்னவோ ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரையாண்டுத் தேர்வுக்கு எல்லாப் பள்ளிகளுக்கும் பொது வினாத்தாள் வந்தது. அதில் பதினான்காவது ஒரு மதிப்பெண் கேள்வி இது: 'இந்நூற்றாண்டின் இறுதிக்குள் புவியின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி உயரும்? அ) ஒன்று ஆ) இரண்டு இ) மூன்று ஈ) நான்கு.' விடைக்குறிப்பில் இ.

சுமார் டீச்சரின் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் நாற்பது பேர் எந்த எழுத்தையும் வட்டமிடவில்லை. வினாவுக்குக் கீழே இருந்த ஒரு விரல் அகல இடத்தில், நுணுக்கி நுணுக்கி, 'நாம் விடும் புகையைப் பொறுத்தது. ஒன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில். குறைத்தால் கீழே, குறைக்காவிட்டால் மேலே' என்று எழுதி வைத்திருந்தார்கள். திருத்திய வேற்றுப் பள்ளி ஆசிரியர் நாற்பது பேருக்கும் சுழியம் போட்டார். இரண்டு பேர் கைடைப் பார்த்து இ-யை வட்டமிட்டு மதிப்பெண் வாங்கினார்கள். மிச்சமிருந்த ஒருவன் ஆ-வை வட்டமிட்டிருந்தான். அவன் எல்லாக் கேள்விக்கும் ஆ-வைத்தான் வட்டமிடுவான். அதிக யோசனை உடம்புக்கு ஆகாது என்பது அவன் கட்சி.

இந்த ஒரு மதிப்பெண்ணால் இரண்டு விபத்துகள் நேர்ந்தன. வாசலில் தலைமை ஆசிரியர் எழுதி வைக்கத் தயாராக இருந்த 'அறிவியலில் நூற்றுக்கு நூறு' என்ற பலகை எழுதப்படவில்லை. முதல் ரேங்க் எப்போதும் வாங்கும் பெண் தொண்ணூற்றொன்பது வாங்கி, வேறு பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு முதலிடத்தை விட்டுக்கொடுத்தாள். அவளுடைய அப்பா காப்பீட்டு முகவர். மறுநாளே பெற்றோர் குழுவைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்.

கூட்டம் தலைமை ஆசிரியர் அறையில் நடந்தது. தீர்மானத்தைத் தமிழில் எழுத என்னை உட்காரவைத்திருந்தார்கள். குழுத் தலைவர் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். கையைவிட்டு எப்போதும் இறங்காத ஒரு கைபேசி.

காப்பீட்டு முகவர் தொடங்கினார். "டீச்சர், நான் சுத்தி வளைக்கல. என் பொண்ணுக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில் வேணும். இருக்கலாம், ஆகலாம், சுமார் இவ்வளவு, இதையெல்லாம் வச்சுக்கிட்டு அவ வாழ்க்கைல எப்படி முடிவெடுப்பா?"

சுமார் டீச்சர் மரியாதையாகக் கேட்டார். "சார், நீங்க எந்த வருஷம் சாகப் போறீங்கன்னு உங்க கம்பெனிக்குத் தெரியுமா?"

தலைமை ஆசிரியர் மேசைக்கடியில் காலால் எதையோ தேடினார்.

"அது எப்படி தெரியும்?" என்றார் முகவர்.

"சுமாராவாவது?"

"சுமாரா ஒரு கணக்கு இருக்கு. அட்டவணை இருக்கு."

"நிச்சயமா தெரியாதுங்கறதால பிரீமியம் கட்ட வேண்டாம்னு சொல்லிடுவீங்களா?"

"அது எப்படி டீச்சர்? தெரியாதுங்கறதாலதானே கட்டணும்!" என்று உரத்த குரலில் சொன்னார். தொழில்முறையில் ஆயிரம் முறை சொன்ன வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காக வாதாடினோம் என்பது அவருக்கே உறைத்தது. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த இடைவெளியில் பெட்ரோல் பங்க்காரர் நுழைந்தார். "பார்த்தீங்களா, டீச்சரே ஒத்துக்கறாங்க. விஞ்ஞானிங்களுக்கே சரியா தெரியல. அப்புறம் எதுக்குப் பிள்ளைங்களைப் பயமுறுத்தணும்? ரெண்டு பக்கமும் சொல்லுங்க. ஏறுதுன்னு பாதி பேரு, ஏறலன்னு பாதி பேரு. என் போன்ல ஒரு வீடியோ இருக்கு, காட்டட்டுமா?"

அப்போது சுமார் டீச்சர் எழுந்து நின்றார். கை காற்றில் ஆடவில்லை.

"வேண்டாம் சார். எவ்வளவு ஏறும்னுதான் எங்களுக்குச் சுமாரா தெரியும். ஏறுது. நாம எரிக்கறதாலதான் ஏறுது. இது ரெண்டுலயும் சுமார் கிடையாது. பஸ் எட்டு மணிக்கா எட்டேகாலுக்கான்னு தெரியலன்னா, பஸ்ஸே வராதுன்னு ரோட்டுல படுத்துக்க முடியாது."

பதினோரு வருடத்தில் 'கிடையாது' என்ற சொல்லை அவர் அந்த உறுதியுடன் சொல்லி நான் கேட்டதில்லை. பங்க்காரர் கைபேசியைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

முகவர் கடைசி ஆயுதமாகத் தன் பெண்ணை வரவழைத்தார். அவள் பதினான்கு வயதுப் பெண். இரட்டைப் பின்னலும் மைக்கறை விரல்களுமாக வந்து நின்றாள்.

"சொல்லும்மா. டீச்சர் குழப்பினதாலதானே உனக்கு விடை தெரியாம போச்சு?"

"இல்லப்பா. மூணுன்னு எனக்குத் தெரியும். கைடுல இருக்கு."

"தெரிஞ்சுமா எழுதல?"

"விடைக்குறிப்புல மூணுன்னு இருக்கும்னு தெரியும்ப்பா. மூணு சரின்னு தெரியாது."

தலைமை ஆசிரியர் இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தீர்மானம் வந்தது. சுமார் டீச்சர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுத் தேர்வு வரைக்கும் ஒன்பதாம் வகுப்பு வேறொருவர் கைக்குப் போகும். கடிதத்தைத் தலைமை ஆசிரியரே எழுதி வைத்திருந்தார். 'புவி வெப்பநிலை மூன்று டிகிரி உயரும் என்பதை நான் உறுதியாக அறிவேன் எனவும், இனி மாணவர்களிடம் ஐயத்தை வளர்க்கமாட்டேன் எனவும்...'

அவர் அதை இரண்டு முறை படித்தார். "சார், இதை உறுதியா அறிஞ்சவங்க யாராவது இருந்தா விலாசம் சொல்லுங்க. நானே போய்க் கால்ல விழறேன்."

"டீச்சர், ஒரு மார்க்கு சமாசாரம். கையெழுத்துப் போட்டுட்டு உங்க இஷ்டத்துக்கு நடத்துங்க. யாரு பார்க்கப் போறா?"

"நாற்பத்து மூணு பேர் பார்ப்பாங்க சார்."

பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் என்னோடு நடந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதலாக, தப்பு அவர்களுடையது, உங்கள் மேல் ஒன்றுமில்லை என்றேன். தலையை ஆட்டினார்.

"இல்ல ஐயா. என் தப்பு ஒண்ணு இருக்கு. எதை நம்பணும்னு சொல்லிக் கொடுத்தேன். பரீட்சைத் தாள் வேற ஊரு, அங்க வேற பாஷைன்னு சொல்லிக் கொடுக்கல. நாற்பது பிள்ளைங்களுக்கு ஒரு மார்க்கு போனது என்னாலதான். இதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

அப்படியே வகுப்புக்குள் போனார். நான் வாசலிலேயே நின்றேன். மேசையில் கையூன்றி, பிள்ளைகளைப் பார்த்து, "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்க" என்று தொடங்கி, சற்றுமுன் என்னிடம் சொன்னதை வரி மாறாமல் சொன்னார். முப்பத்தொரு வருடத்தில் எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் வகுப்பில் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் நாலைந்தாவது உண்டு.

மறுநாள் அவரை நூலகப் பொறுப்புக்கு அனுப்பினார்கள். எங்கள் நூலகம் சாவி எங்கே என்று தெரியாத நான்கு பூட்டிய அலமாரிகளும், ஒரு நாற்காலியும் கொண்டது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விளையாட்டு ஆசிரியருக்குப் போனது. அவருக்குத்தான் பீரியட் காலியாக இருந்தது.

விளையாட்டு ஆசிரியர் நல்ல மனிதர். கழுத்தில் விசிலோடு வந்து பாடத்தைப் புரட்டிப் பார்த்தார். "மூணுதானே? இதுக்கா ஒன்பது நாள்? நான் ஒரே பீரியட்ல ஏத்திடறேன்." அன்று மாலை மைதானத்தில் நாற்பத்து மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். "எத்தனை டிகிரி?" விசில். "மூணு!" இடது கால். "சத்தமா!" விசில். "மூணு!" வலது கால். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து பார்த்தார்கள். தலைமை ஆசிரியர் ஜன்னலோரம் நின்று, காதுக்கு இதமான சங்கீதம் கேட்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். வரிசையின் கடைசியில் ஒருவன் மட்டும் "ஆ!" என்று கத்தியது எனக்குக் கேட்டது.

சுமார் டீச்சர் அன்று நூலகத்தில் கட்டிக்கிடந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனபோது, ஜன்னலை மூடியிருந்தார். வெயிலுக்கு என்றார். ஜன்னல் மைதானத்தைப் பார்த்தது. வெயில் எதிர்ப்பக்கம் அடித்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான்காவது வாரம் வியாழக்கிழமை, கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரே ஒரு வரிதான். 'அரையாண்டுத் தேர்வு, ஒன்பதாம் வகுப்பு, அறிவியல், வினா எண் 14: விடைக்குறிப்பில் மூன்று என்பதை இரண்டு எனத் திருத்தி வாசிக்கவும்.' காரணம் சொல்லப்படவில்லை. மூன்று வாரத்துக்குள் பூமி ஒரு டிகிரி குறைந்துபோனதற்குத் துறை யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி ஆடிப்போயிற்று. நாற்பத்து மூன்று பேரில் இப்போது ஆ-வை வட்டமிட்டவன் ஒருவனே அறிவாளி. மதிய இடைவேளையில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவனும் பெருந்தன்மையாகக் கையசைத்தான். இ-யை வட்டமிட்ட இரண்டு பேரும் தங்கள் மதிப்பெண்ணைத் திருப்பித் தர முடியாது என்று அழுதார்கள். தலைமை ஆசிரியர் முதலில் விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டார்.

"இதுக்கென்ன சார். நாளைலேருந்து ரெண்டுன்னு கத்தச் சொல்லிடறேன். கால் மாத்தாம பார்த்துக்கறேன்" என்றார் அவர்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். சுற்றறிக்கையை என் பக்கம் தள்ளினார். "ஐயா, நீங்க இலக்கணம் தெரிஞ்சவர். 'மூன்று என்பதை இரண்டு என வாசிக்கவும்.' இதுக்கு வேற ஏதாவது அர்த்தம் வருமா?"

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதம் பிரித்து, மேலும் கீழும் பார்த்தேன். "வராது சார்."

மேசை மேல் தொலைபேசி மூன்றாவது முறையாக அடித்து ஓய்ந்தது. காப்பீட்டு முகவராகத்தான் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் எடுக்கவில்லை. "நூலகத்துல இருந்து டீச்சரை வரச் சொல்லுங்க" என்றார்.

அவர் முந்தானையில் தூசியோடு வந்தார். அவர் வருகிறார் என்றதும் தாழ்வாரமே திரண்டுவிட்டது. எழுத்தர்கள், கணக்கு ஆசிரியர், விசிலோடு விளையாட்டு ஆசிரியர், மணியடிப்பவர், எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்குத் தலைமை ஆசிரியர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்ற ஆசை எல்லார் முகத்திலும் இருந்தது. என் முகத்திலும்தான் இருந்திருக்கும். மூன்று வாரத் தூசிக்கு டீச்சர் நாலு வார்த்தையாவது கேட்காமல் விடக்கூடாது என்று நான் மனதுக்குள் அவருக்கு வசனம்கூட எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். சிரிக்கவில்லை. மடித்து வைத்தார்.

தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, அதுவரை நான் கேட்டிராத, சின்னப் பிள்ளையின் குரல் போன்ற ஒரு குரலில் கேட்டார்.

"டீச்சர்... நிஜமாவே, அது எத்தனைதான்?"

வாசலில் அத்தனை கழுத்தும் ஒரு விரற்கடை நீண்டது.

அவர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். என்னிடம் கண்ணாலேயே வெளியே போகச் சொன்னார், போனேன். பிறகு வாசலுக்கு வந்து, எங்கள் எல்லோருடைய முகத்துக்கும் முன்னால், கதவை ஓசை வராமல் உள்ளேயிருந்து சாத்திக்கொண்டார்.